இரண்டு ஐப்பசி வாரங்கள்: ராக்லண்டும் ஏமி கார்மைக்கேலும்

தமிழ்நாட்டில் பணிசெய்த அயல்நாட்டு மிஷனரிகள் பலருடைய வரலாறு ஆண்டுக் கணக்கில் சொல்லப்படுகிறது. எந்த ஆண்டு கப்பலேறினார், எத்தனை பள்ளிகளைத் தொடங்கினார், எந்த நூலை எழுதினார் என்று அது நீளும். அவர்கள் துவண்டுபோன நாட்கள் ஒரு வரியில் முடிந்துவிடும். 1858 அக்டோபர் 22, வெள்ளிக்கிழமை, தாமஸ் காஜெத்தான் ராக்லண்டு சிவகாசியில் இறந்தார். 1931 அக்டோபர் 24, சனிக்கிழமை, ஏமி கார்மைக்கேல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து, அதன்பின் முன்போல் நடமாட முடியாதவரானார். இரண்டும் ஐப்பசி பிறந்த சில நாட்களில் நடந்தவை. இருவரும் ஒரே தலைமுறையினர் அல்லர். ராக்லண்டு இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்தே கார்மைக்கேல் பிறந்தார். ஆனால் ராக்லண்டின் வாழ்க்கை வரலாற்றை 1922ஆம் ஆண்டில் நூலாக எழுதியவர் இந்தக் கார்மைக்கேல்தான். சிவகாசியில் முடிந்த ஒரு வாழ்வைப் பற்றி உடல்நலத்தோடு இருந்தபோது எழுதியவர், ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தாமே படுக்கையில் விழுந்தார். அந்நிய மண்ணில் உடலும் நம்பிக்கையும் ஒருங்கே சோதிக்கப்பட்டபோது இவர்களுக்கு ஆறுதல் எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வடக்குத் திருநெல்வேலி

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடமேற்கே, வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருப்பது கூமாப்பட்டி. பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளுக்குப் பக்கத்து ஊர். நெல்லும் தென்னையும் கண்மாய்களும் சூழ்ந்த இந்த ஊரை 2025இல் சமூக ஊடகக் காணொளிகள் தமிழ்நாடு முழுவதற்கும் அறிமுகப்படுத்தின. இதே மலைவரிசையில்தான் சதுரகிரி இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் மனக்குறையைச் சுமந்துகொண்டு மலையேறும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, ஆறுதல் தேடுவது இந்த அடிவாரத்துக்குப் புதிதல்ல என்பது தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்தின் வட எல்லையாக இருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் வட்டங்கள் அதில் சேர்ந்தன. விருதுநகர் தனி மாவட்டமானது 1985இல். ஆகவே ராக்லண்டு காலத்து மிஷன் எழுத்துகளில் சிவகாசியும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 'வடக்குத் திருநெல்வேலி' என்றே குறிக்கப்படுகின்றன. மேற்கே ஆற்றுநீரும் கண்மாய்நீரும் பாயும் நிலம், கிழக்கே வானம் பார்த்த கரிசல். தெற்கே பாளையங்கோட்டை, நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் பக்கங்களில் கிறிஸ்தவச் சபைகள் ஊர் ஊராக வளர்ந்திருந்தன. வடக்கே அப்படி எதுவும் இல்லை. இந்த வேறுபாடுதான் ராக்லண்டின் கண்ணில் பட்டது.

கேம்பிரிட்ஜிலிருந்து கூடாரத்துக்கு

ராக்லண்டு 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் படித்து, 1841இல் கணிதத் தேர்வில் நான்காம் ராங்ளராகத் தேறினார். 'ராங்ளர்' என்ற சொல் நம் நாட்டில் ராங்ளர் பராஞ்சபே வழியாகப் பழக்கமானது. கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு அந்தப் பெயர். நான்காம் இடம் என்றால் கல்லூரியிலேயே வாழ்நாள் முழுவதும் மதிப்போடு இருந்துவிடலாம். அவருக்கு அங்கே ஆசிரியப் பொறுப்பும் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு, சர்ச் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1846இல் சென்னைக்கு வந்தார்.

சென்னையில் அவருக்குக் கிடைத்தது செயலாளர் வேலை. கணக்கு, கடிதம், குழுக் கூட்டம். நான்காம் ராங்ளர் வரவு செலவுப் புத்தகம் எழுதினார் என்று சிலர் வருந்தலாம். அவர் அந்த வேலையையும் குறைவின்றிச் செய்தார். செயலாளராகத் திருநெல்வேலிச் சபைகளைச் சுற்றிப் பார்த்தபோதுதான், மிஷனரிகளின் நேரமெல்லாம் ஏற்கெனவே சேர்ந்தவர்களைப் பேணுவதிலேயே போய்விடுகிறது, வடக்கே உள்ள ஊர்களுக்குப் போக ஆளில்லை என்று கண்டார். பங்களா கட்டாமல், ஒரே ஊரில் தங்காமல், கூடாரத்தோடு ஊர் ஊராகச் செல்லும் பணி ஒன்றை முன்மொழிந்தார். பிறரை அனுப்பச் சொல்லித் திட்டம் தீட்டியவர் தாமே போக முன்வந்தார். உடல்நலம் குன்றி இங்கிலாந்து சென்று திரும்பியபின், கேம்பிரிட்ஜில் படித்த டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்னும் இரு இளைஞர்களோடு 1854இல் இந்தப் பணி தொடங்கியது.

பணியின் முறை எளிது. ஓர் இடத்தில் கூடாரம் அடிப்பார்கள். காலையும் மாலையும் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய்ப் பேசுவார்கள். சில நாட்களில் கூடாரம் அடுத்த இடத்துக்கு மாறும். தெற்குச் சபைகளே தங்கள் உபதேசியார்களை முறைவைத்து வடக்கே அனுப்பி, அவர்களின் செலவையும் ஏற்றன. இந்த ஏற்பாடு ராக்லண்டைப் பற்றிய புகழுரைகளில் ஓரமாகவே வருகிறது. உண்மையில் இதுதான் பணியின் முதுகெலும்பு. சித்திரை வெயிலில் கூடாரத் துணிக்கு அடியில் ஓர் ஆங்கிலேயர் இருந்தார் என்பது பேசப்படுகிறது; அவரோடு தென்னாட்டிலிருந்து தன் வீட்டையும் வயலையும் விட்டு வந்த உபதேசியார் ஒருவர் அதே வெயிலில் இருந்தார் என்பது பேசப்படுவதில்லை. ஊராரிடம் முதலில் பேச்சுக் கொடுத்தவரும், அவர்களுடைய கேலியை முழுதாகப் புரிந்துகொண்டவரும் அவராகத்தானே இருக்க முடியும்? வடக்குத் திருநெல்வேலிப் பணியில் ஈடுபட்ட தமிழர்களில் நன்கு அறியப்பட்டவர் டபிள்யூ. டி. சத்தியநாதன். இந்துக் குடும்பத்தில் பிறந்து, பாளையங்கோட்டைப் பள்ளியில் படித்த காலத்தில் கிறிஸ்தவரானவர். இவர் மனைவி அன்னா, தென்னிந்தியாவில் சர்ச் மிஷனரி சங்கம் குருப்பட்டம் அளித்த முதல் இந்தியரான ஜான் தேவசகாயத்தின் மகள். இத்தம்பதியர் 1863இல் சென்னைக்கு மாறி, சிந்தாதிரிப்பேட்டையில் நெடுங்காலம் பணியாற்றினர். ஆங்கிலத்தில் நாவல் எழுதிய கிருபாபாய் சத்தியநாதன் இவர்கள் வீட்டு மருமகள்.

கோதுமை மணி

ராக்லண்டு உயிரோடிருந்த காலத்தில் வடக்கே பெருங்கூட்டம் எதுவும் சபையில் சேரவில்லை. அவருடைய உடலோ தேறவே இல்லை. நுரையீரல் நோய் உள்ள ஒருவர் புழுதியிலும் ஐப்பசி ஈரத்திலும் கூடாரத்தில் வாழ்வது என்ன விளைவைத் தரும் என்பதைக் கணிக்க ராங்ளராக இருக்கத் தேவையில்லை. இந்த நிலையில் அவரைத் தாங்கியது யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரம், 24ஆம் வசனம். மண்ணில் விழுந்து சாகாத கோதுமை மணி தனித்தே இருக்கும், செத்தால் மிகுந்த பலன் தரும் என்பது அதன் கருத்து. ஒரு பணி வெற்றி பெறுவதற்கான வழிகள் எல்லாவற்றிலும் மிக உறுதியானது இதுவே என்று அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். வழிகளை எல்லாம் ஒப்பிட்டு, எது நிச்சயமானது என்று தேர்ந்தெடுக்கும் அந்தத் தோரணையில் பழைய கணக்கு மாணவர் தெரிகிறார்.

இது எளிய ஆறுதல் அல்ல. நலமாவாய் என்றோ, உன் கண்முன்னே பலன் வரும் என்றோ இது வாக்குக் கொடுப்பதில்லை. பலனைப் பார்க்க நீ இருக்கமாட்டாய் என்றுதான் சொல்கிறது. கோதுமை விளையாத இந்தச் சீமையிலும் விதைநெல்லையும் கம்பையும் அறிந்த உழவர்களுக்கு இந்த உவமை புதிராக இருந்திருக்காது. பசித்தாலும் விதையைத் தின்னாமல் மண்ணுக்குக் கொடுப்பவர்கள் அவர்கள்.

1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இரத்தக் குழாய் ஒன்று உடைந்து ராக்லண்டு திடீரென இறந்தார். வயது 43. அடக்கமும் சிவகாசியிலேயே நடந்தது. தலைவரை இழந்த அந்த வாரம் உடனிருந்தவர்களுக்கே சோதனையாக இருந்திருக்கும். மூன்று பேராகத் தொடங்கி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் பணி கலையவில்லை. மெடோஸ் இன்னும் பல ஆண்டுகள் இதே பகுதியில் தொடர்ந்தார். ராக்லண்டின் வாழ்க்கை வரலாற்றைக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பெரௌன் 1861இல் வெளியிட்டார்.

பிற்காலத்தில் திருநெல்வேலியில் பலர் கிறிஸ்தவர்களானதைச் சுட்டிக்காட்டி, விதைத்தது விளைந்தது என்று எழுதுவது மிஷன் நூல்களின் வழக்கம். இதைச் சற்று நிதானமாகவே ஏற்க வேண்டும். 1876–78 தாதுவருடப் பஞ்சத்தின்போதும் அதை ஒட்டியும் பெரும் எண்ணிக்கையில் மக்கள் சபைகளில் சேர்ந்தனர். அதில் பசிக்கும் நிவாரணத்துக்கும் சாதி ஒடுக்குமுறைக்கும் பங்கு உண்டு. எல்லாவற்றையும் ஒரு கோதுமை மணியின் கணக்கில் எழுத முடியாது. ராக்லண்டின் ஆறுதல் உண்மையானது என்பதற்கு அந்த எண்ணிக்கை தேவையும் இல்லை. அது வருமுன்பே அவர் அந்த ஆறுதலோடு வாழ்ந்து முடித்திருந்தார்.

களக்காட்டுக் குழி

ராக்லண்டின் கதையை மறுபடி எழுதிய ஏமி கார்மைக்கேல் 1867 டிசம்பர் 16 அன்று வட அயர்லாந்தின் மில்லைல் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். ஜப்பானுக்குச் சென்று, ஓராண்டுக்குச் சற்று மேல் இருந்து, உடல் நலிந்து திரும்பியவர். 1895 நவம்பரில் பெங்களூருக்கு வந்தார். அடுத்த ஆண்டு திருநெல்வேலிப் பக்கம். அதன்பின் 55 ஆண்டுகள் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1901இல் கோயில் வீட்டிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். தேவதாசி முறைக்கு ஒப்படைக்கப்படவிருந்த குழந்தைகளுக்கான இல்லம் அதிலிருந்து வளர்ந்தது. அது நிலைகொண்ட இடம் டோனாவூர். கூமாப்பட்டியிலிருந்து தெற்கே இதே மலைவரிசையை ஒட்டிக்கொண்டே போனால் களக்காட்டை அடுத்து வரும் ஊர் அது. பொருளுதவி செய்த டோனா என்னும் ஜெர்மானியப் பிரபுவின் பெயரால் அமைந்த பெயர்.

டோனாவூரில் உறவுச்சொற்களே முறையாக இருந்தன. கார்மைக்கேல் அம்மா. பிற ஐரோப்பியப் பெண்கள் சித்தி. பொறுப்பேற்ற தமிழ்ப் பெண்கள் அக்காள். ஐரோப்பிய ஆண்கள், நெல்லை வழக்கப்படி, அண்ணாச்சி. இந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள் முதலில் என்ன நினைத்தார்களோ!

1931 அக்டோபர் 24 காலையில் கார்மைக்கேல் ஒரு வேண்டுதல் செய்தார். தம் மக்களுக்கு உதவத் தம்மைத் தகுதியாக்க, கடவுள் எதை வேண்டுமானாலும் செய்யட்டும் என்பதே அது. அன்று மாலை, களக்காட்டில் புதிதாகத் தொடங்கவிருந்த பணிக்காக ஏற்பாடு செய்திருந்த வீட்டைப் பார்க்கப் போனார். கழிப்பறைக்கென்று தோண்டிய குழி, தோண்டக்கூடாத இடத்தில் இருந்தது. இருள் கவிந்துவிட்டதால் அது கண்ணுக்குத் தெரியவில்லை. விழுந்ததில் கால் எலும்பு முறிந்தது, கணுக்காலும் பிசகியது. அங்கிருந்து வண்டியில் நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அக்காலத்துச் சாலையில், முறிந்த காலோடு, இரவில் அந்தப் பயணம் எப்படி இருந்திருக்கும் என்று நாகர்கோவில் வழி போனவர்கள் ஊகிக்கலாம். அப்போது அவருக்கு வயது 63. சில வாரங்களில் சரியாகிவிடும் என்றே எல்லோரும் எண்ணினார்கள். சரியாகவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வேறு உபாதைகள் சேர்ந்தன. சாகும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே கழிந்தன.

நம்பிக்கை உள்ளவருக்கு இந்த வாரத்தின் கடினம் எலும்பு முறிவில் மட்டும் இல்லை. காலையில் செய்த வேண்டுதலுக்கு மாலையில் கிடைத்த விடை இந்தக் குழிதானா? நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மாவாக ஓடியாடிக் கொண்டிருந்தவரைக் கட்டிலில் கிடத்துவதா தகுதியாக்குவது? ஏன் என்ற கேள்விக்குத் தமக்கு விடை கிடைத்துவிட்டதாக அவர் எங்கும் காட்டிக்கொள்ளவில்லை. அவர் எழுத்தில் தொடர்ந்து காணப்படுவது ஒரு வேறுபாடு: அடங்கிப்போவது ஒன்று, ஏற்றுக்கொள்வது வேறொன்று. மறக்க முயல்வதோ, வேலையில் மூழ்குவதோ, ஒதுங்கியிருப்பதோ, வேறு வழியில்லை என்று பணிந்துபோவதோ அமைதி தராது. மனமொப்பி ஏற்பதில்தான் அது உண்டு என்பது அவர் கண்ட முடிவு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நோயாளி இரண்டிலும் அதே கட்டிலில்தான் படுத்திருப்பார்.

நோயாளி நோயாளிக்கு எழுதியது

டோனாவூரோடு தொடர்புடைய நோயாளர் வட்டம் ஒன்று இருந்தது. நெடுநாள் படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஆறுதலாக மடல்கள் அனுப்புவது வழக்கம். இப்போது கார்மைக்கேலே அவர்களில் ஒருவரானார். நோயாளிகளுக்கென்று அச்சான ஆறுதல் நூல்களைப் படித்தபோது, அவை பெரும்பாலும் உடல்நலம் உள்ளவர்கள் எழுதியவை என்பது அவருக்கு உறைத்தது. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டவைதாம், ஆனால் தூங்காத இரவில் அவை கைகொடுக்கவில்லை. ஆகவே தாமே எழுதினார், வலி தீர்ந்தபின் எழுதலாம் என்று காத்திராமல், வலி இருக்கும்போதே. அந்த மடல்கள் 1933இல் 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்னும் நூலாயின. முட்செடியிலிருந்து ரோஜா என்று தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம்.

அந்த நூலின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. துன்பப்படுகிறவரிடம் ஆறுதல் சொல்ல யாருக்கு உரிமை உண்டு என்ற பழைய கேள்வியை அது எழுப்புகிறது. இழவு வீட்டில் அதிகம் பேசுகிறவரைவிட, முன்பே அதே இழவைக் கண்டு பேசாமல் பக்கத்தில் உட்காருகிறவர் தேவலை என்பது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்கலாம். தமிழ் விவிலியம் பரிசுத்த ஆவியைத் 'தேற்றரவாளன்' என்கிறது. தேறு, தேற்று என்ற வேர் தமிழில் பல இடங்களில் ஓடுகிறது. நோயிலிருந்து தேறுகிறோம், தேர்வில் தேறுகிறோம், அழுகிறவரைத் தேற்றுகிறோம். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் கலங்கல் அடியில் படிந்து நீர் தெளிகிறது. கலங்கல் எங்கும் போய்விடுவதில்லை, பானையின் அடியில்தான் இருக்கிறது. கார்மைக்கேல் அடைந்த ஆறுதலை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் இருப்பதாகத் தெரியவில்லை.

படுக்கையிலிருந்தே அவர் தொடர்ந்து எழுதினார். 1935இல் 'கோல்டு பை மூன்லைட்' வந்தது. அதுவும் துன்பத்தைப் பற்றியதே. நாள்தோறும் டோனாவூர் மக்களுக்குச் சிறுகுறிப்புகளும் போயின. பிள்ளைகள் முறைவைத்து அறைக்கு வந்துபோனார்கள். இருபது ஆண்டுகள் அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டி, இரவில் விழித்திருந்தவர்கள் அங்கே வளர்ந்த தமிழ்ப் பெண்களே. குழந்தையாக ஏந்தப்பட்டவர்கள் ஏந்தியவரை ஏந்தினார்கள். ஆறுதல் வானத்திலிருந்து மட்டும் வரவில்லை என்று இதை வைத்துச் சொல்லலாம். அவரே கேட்டிருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்றிருப்பார்.

மிகக் கடுமையான அடி 1939இல் விழுந்தது. சிறுமியாக வந்து சேர்ந்து, தமக்குப்பின் பொறுப்பேற்பார் என்று கார்மைக்கேல் நம்பியிருந்த அருளாய் தாரா அந்த ஆண்டு இறந்தார். முன்பு 1915இல் பொன்னம்மாளை இழந்தபோது வேலையில் ஓட முடிந்தது. இப்போது எழுந்து போகவும் கால் இல்லை. மகளாகக் கருதியவரின் கதையை 1934இலேயே அவர் நூலாக எழுதி முடித்திருந்தார்.

கார்மைக்கேலின் பணி எல்லோராலும் பாராட்டப்பட்டதன்று. கோயில் சமூகத்தை அவர் எழுத்துகள் ஒரே நிறத்தில் காட்டுகின்றன என்ற விமர்சனம் உண்டு. அடைக்கலம் வந்த பிள்ளைகளை முன்னிட்டு வழக்குகளும் நடந்தன. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் வந்தபோது, அதற்காக மன்றாடிய குரல்களில் முதன்மையானது முத்துலட்சுமி ரெட்டியுடையது. அந்தச் சட்டத்தைக் காணும்வரை கார்மைக்கேல் உயிரோடிருந்தார்.

1948இல் தம் அறையிலேயே மறுபடி விழுந்தார். அதன்பின் எழுந்து அமர்வதும் அரிதாயிற்று. 1951 ஜனவரி 18 அன்று டோனாவூரில் காலமானார். தம் கல்லறையில் கல் எதுவும் நடக்கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அந்தச் சொல்லை மீறவில்லை. பறவைகள் வந்து நீர் குடிக்கும்படி ஒரு கல்தொட்டியை அங்கே வைத்து, அதில் 'அம்மாய்' என்று மட்டும் பொறித்தார்கள்.